வாசகர் கேள்விகள்: ரத்தப் புற்றுநோய்க்குக் கடல் தந்த மருந்துகள்

சென்ற இதழில் கீமோ மருந்துகளின் பூர்வீகம் பற்றி எழுதும்போது ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு வழிகாட்டியது கடற்பஞ்சு என்ற கடலடி விலங்கு என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவை வார்டில் யாருக்கோ துணைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் எழுதியவை. நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் மருந்துகளைக் கலந்து வார்டுக்கு அனுப்பும் மருந்தாளுநர். அதனால் யாருக்கு எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்த மருந்து எங்கிருந்து வந்தது, உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயது. ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய். சைட்டரபின் என்ற மருந்தை ஏழு நாள், ராத்திரி பகல் பார்க்காமல் ஏற்றுகிறார்கள். அது கடலில் கிடைக்கும் பஞ்சிலிருந்து வந்தது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். உண்மையா மேடம்? ஏன் இடைவிடாமல் ஏற்ற வேண்டும்? — ஓர் அக்கா

உண்மைதான் அம்மா. 1950-க்குச் சற்று முன்பின்னாக, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் கடலடி உயிர்களில் உள்ள கொழுப்புப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். புளோரிடாவை ஒட்டிய கடலிலிருந்து எடுத்து வந்த ஒரு கடற்பஞ்சை அசிட்டோனில் கொதிக்க வைத்தபோது, அவர் தேடாத ஏதோ ஒன்று படிகமாகப் படிந்தது. அவரும் ராபர்ட் ஃபீனியும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். டிஎன்ஏவைக் கட்டும் துண்டுகளைப் போலவே இருந்தது. ஆனால் அதில் இருந்த சர்க்கரை நம் உடம்பில் உள்ள சர்க்கரை அல்ல, அரபினோஸ் என்ற வேறொன்று. ஒரே ஒரு ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் ஜோடி கீழ்ப்பக்கம் நிற்பதற்குப் பதிலாக மேல்பக்கம் நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் உங்கள் தம்பியின் சிகிச்சையே நிற்கிறது. அந்தச் சர்க்கரையை வைத்து 1959-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மூன்று பேர் சைட்டரபினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். 1969-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் ஏஎம்எல் சிகிச்சையின் முதுகெலும்பு அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால்: ரத்தப் புற்றணு பெருகுவதற்கு முன்னால் தன் டிஎன்ஏவை முழுக்க இன்னொரு படி எடுக்க வேண்டும். அப்போது சைட்டரபினையும் தனக்கு வேண்டிய துண்டு என்று நம்பி எடுத்துக் கோத்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் துளை போட்ட மணியை மாலையில் கோத்த மாதிரி, அடுத்த மணிக்கு நூல் வெளியே வராது. படி எடுப்பது பாதியில் நிற்கிறது. அணு சாகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படி எடுத்துக்கொண்டிருக்கும் அணுவில்தான் இந்த மருந்து வேலை செய்யும். சும்மா இருக்கும் அணுவை ஒன்றும் செய்யாது. எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் படி எடுப்பதில்லை. ஒன்று காலையில், ஒன்று நடு ராத்திரியில், ஒன்று நாளை மறுநாள். மருந்தோ ரத்தத்தில் நீடித்து நிற்காது, உடம்பில் உள்ள ஒரு நொதி சீக்கிரமே அதைச் சிதைத்துவிடும். ஆகவே எந்த அணு எப்போது படி எடுக்க ஆரம்பித்தாலும் மருந்து அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஏழு நாளும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. பம்ப் சத்தம் போட்டால், சலைன் தீர்ந்துவிட்டதாகத் தோன்றினால், தம்பி தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

முதல் மூன்று நாள் கூடவே ஒரு சிவப்பு மருந்து போயிருக்கும். அது பெரும்பாலும் டானோரூபிசின். அது இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. ஒன்று கடலில் இருந்து, ஒன்று மண்ணில் இருந்து. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் தம்பியின் மஜ்ஜையைச் சுத்தம் செய்கின்றன. அதற்கப்புறம் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும் வாரங்கள் வரும். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் ஒவ்வொரு குப்பிக்கும் எத்தனை கடற்பஞ்சுகளை அழிக்கிறார்கள்? — கல்லூரி மாணவர்

ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலையில் வேதியியல் முறையில் தயாராவதுதான் நான் கையாளும் சைட்டரபின். கடற்பஞ்சு காட்டியது வடிவத்தை மட்டும். அதே சர்க்கரை வடிவத்தைப் பின்தொடர்ந்து போன கிளைகளும் உண்டு: சிஎல்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு 1991-இல் வந்த ஃப்ளூடரபின், டி-அணு வகைக் கடும் ரத்தப் புற்றுநோய்க்கு 2005-இல் வந்த நெலரபின்.

என் அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். சுறா மீனுக்குப் புற்றுநோயே வராது, அதனால் சுறாக் குருத்தெலும்பு மாத்திரை கொடுத்தால் கீமோவே வேண்டாம் என்று உறவினர் ஒருவர் வாங்கி வந்திருக்கிறார். கூடவே கடற்பாசிப் பொடியும். கடலிலிருந்துதானே கீமோவும் வருகிறது என்கிறார். கொடுக்கலாமா? — பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

கீமோவை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்பதே தவறு. சுறாக்களில் கட்டிகளைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். குருத்தெலும்புச் சாற்றை மனிதர்களிடம் முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ள 379 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. கீமோ, கதிர்வீச்சோடு சாற்றையும் சேர்த்துக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. ரத்தப் புற்றுநோயில் அது வேலை செய்யும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

உறவினர் உங்கள் அப்பாமேல் உள்ள பாசத்தில்தான் வாங்கி வந்திருப்பார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கடலிலிருந்து வந்தது என்பதால் சைட்டரபின் மருந்தாகவில்லை. எந்த மூலக்கூறு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம், எந்த நோயாளிக்கு என்பதை ஆயிரக்கணக்கானோரிடம் பார்த்துப் பார்த்து முடிவு செய்ததால் மருந்தாயிற்று. பொடியில் என்ன இருக்கிறது என்று அதன் டப்பாவைப் பார்த்து எனக்கே சொல்ல முடியாது. கடற்பாசியில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம், தைராய்டைக் கெடுக்கும். வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடக்கும் ஒருவருக்குக் கிருமி நீக்கம் செய்யாத எந்தப் பொடியும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். டப்பாவோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

எனக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வந்துவிட்டது. இப்போது ப்ரென்டக்ஸிமாப் என்ற மருந்து. இதுவும் கடல் மருந்தா? விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, அது இதனால்தானா? — ஓர் ஆசிரியை

ஆமாம், இதிலும் கடல் இருக்கிறது. நான் கலக்கும் மருந்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடல் முயல் என்று ஒன்று உண்டு. ஓடு வெளியே தெரியாத, கொழகொழவென்ற நத்தை இனம். 1970-களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெட்டிட், மொரீஷியஸ் அருகே இந்தியப் பெருங்கடலில் எடுத்த கடல் முயல்களின் சாறு புற்றணுக்களைக் கொல்வதைக் கண்டார். எந்தப் பொருள் கொல்கிறது என்று பிரித்தெடுக்கத்தான் காலம் பிடித்தது. ஏனென்றால் டன் கணக்கில் கடல் முயல் எடுத்தால் மில்லிகிராம் கணக்கில்தான் அது கிடைத்தது. 1987-இல்தான் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். டோலாஸ்டாடின் 10 என்று பெயர். பிற்பாடு 2001-இல் பலாவு தீவுக் கடலில் ஒரு நீலப்பச்சைப் பாசி வகை நுண்ணுயிரில் அதே பொருளை நேரடியாகக் கண்டுபிடித்தார்கள். கடல் முயல் அதைத் தானே தயாரிப்பதில்லை, தன் இரையிலிருந்து பெறுகிறது என்பது அப்போது விளங்கியது.

டோலாஸ்டாடினைத் தனி மருந்தாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தோற்றுவிட்டது. உடம்பு தாங்கும் அளவுக்குக் கொடுத்தால் புற்றுக்குப் போதவில்லை. புற்றுக்குப் போதும் அளவை உடம்பு தாங்கவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதன் வடிவத்தைச் சற்று மாற்றி எம்எம்ஏஇ என்ற நஞ்சைச் செய்து, அதை ஓர் ஆன்டிபாடியோடு, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதத்தோடு, இணைத்தார்கள். ஒரு ஆன்டிபாடியில் சராசரியாக நான்கு நஞ்சு மூலக்கூறுகள். ஹாட்ஜ்கின் புற்றணுவின் மேல்புறத்தில் சிடி30 என்ற புரதம் நிறைய இருக்கும். ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும், அணு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்ளே உள்ள நொதி இணைப்பை அறுக்கும், நஞ்சு விடுபடும். அணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழாய்களை அது கட்டவிடாது.

உங்களைப் போலவே மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய 102 பேரிடம் சோதித்தபோது 75 சதவீதம் பேருக்குக் கட்டிகள் குறிப்பிடும்படி சுருங்கின. 34 சதவீதம் பேருக்கு நோயின் தடயமே தெரியாமல் போனது. 2011 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. இப்போது முற்றிய நிலை ஹாட்ஜ்கினுக்கு முதல் சிகிச்சையிலேயே சேர்க்கிறார்கள்.

உங்கள் மருந்து என் மேஜைக்கு வரும்போது எப்படி இருக்கும் தெரியுமா? சின்னக் குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு கட்டி. 50 மில்லிகிராம். அதில் 10.5 மில்லி கிருமி நீக்கிய நீரை விட வேண்டும், அதுவும் கட்டியின் மேல் நேராகப் பாய்ச்சக் கூடாது, குப்பியின் சுவரோரமாக இறக்க வேண்டும். குலுக்கவே கூடாது. ஆன்டிபாடி ஒரு புரதம், நுரை வந்தால் கெட்டுப்போகும். குப்பியைச் சாய்த்து மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் கட்டி கரைந்து தெளியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துகள் ஏதும் மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பையில் ஏற்றுவேன். மருந்து வர ஏன் இவ்வளவு நேரம் என்று வார்டில் காத்திருக்கும்போது தோன்றினால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

விரல் மரத்துப்போவதற்கு இந்த மருந்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நுண்குழாய்கள் நரம்புகளுக்கும் வேண்டும், நஞ்சில் கொஞ்சம் அங்கேயும் போய்ச் சேர்கிறது. அடுத்த ஊசி வரை பொறுத்துக்கொண்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள், இன்றே சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா, சாக்பீஸ் கை நழுவுகிறதா, படியேறும்போது கால் பிடிபடாமல் போகிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள். டாக்டர் ஊசியைத் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம். நிறையப் பேருக்கு நாளடைவில் இது குறைகிறது.

மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவன் நான். எங்கள் நோய்க்குக் கடல் எதுவும் தரவில்லையா? — ஓய்வு பெற்றவர்

தந்தது ஐயா, ஆனால் மேடு பள்ளமாக. மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு கடற்பீச்சி (பாறையில் ஒட்டி வாழும் கடல் விலங்கு) இனத்திலிருந்து பிளிட்டிடெப்சின் என்ற மருந்து வந்தது. பெரிய சோதனையில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது 1.7 மாதம், பிளிட்டிடெப்சினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 2.6 மாதம். ஆஸ்திரேலியா 2018-இல் அனுமதித்தது, ஐரோப்பிய மருந்து முகமை மறுத்துவிட்டது. இவ்வளவு சிறிய பலனுக்கு அந்தப் பக்கவிளைவுகள் தகுமா என்ற கேள்வி நியாயமானது. அனுமதியை முடிவு செய்யும் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தாலும் தயங்கியிருப்பேன்.

பஹாமாஸ் கடலடிச் சேற்றில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மரிசோமிப் என்ற பொருளின் மேல் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. உங்களுக்குத் தெரிந்த போர்டெசோமிப் என்ற மயலோமா மருந்து தாக்கும் அதே இடத்தைத்தான் இதுவும் தாக்குகிறது, பிடித்த பிடியை விடாது. ஆனாலும் மயலோமாவுக்கு மருந்தாக வந்து சேரவில்லை.

மூன்றாவது பெலன்டமாப். மேலே சொன்ன கடல் முயல் நஞ்சின் இன்னொரு உறவை ஏந்திய ஆன்டிபாடி, மயலோமா அணுவின் பிசிஎம்ஏ என்ற புரதத்தைத் தேடிப் போகும். 2020-இல் அமெரிக்காவில் வந்தது, அடுத்த சோதனை கைகொடுக்காததால் விலக்கிக்கொண்டார்கள், பிறகு வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததில் நல்ல பலன் தெரிந்து 2025-இல் மறுபடி அனுமதி பெற்றது. கண்ணின் கருவிழியைப் பாதிக்கும் என்பதால் கண் டாக்டரின் பரிசோதனையோடுதான் கொடுப்பார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

கடலில் வாழும் உயிர்களுக்கும் ரத்தப் புற்றுநோய் வருமா? — எட்டாம் வகுப்பு மாணவி

வரும் கண்ணு. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் ஒரு வகை மட்டிக்கு ரத்தப் புற்றுநோய் போன்ற நோய் வருகிறது. அந்தப் புற்றணுக்களே கடல் நீர் வழியாக ஒரு மட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தொற்றுகின்றன என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு அது தொற்றாது. மனிதரின் ரத்தப் புற்றுநோயும் பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றிக்கொள்ளாது. உன் வகுப்பில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் தாராளமாகப் பக்கத்தில் உட்கார்.

ஆழ்கடல் பாக்டீரியாவின் சர்க்கரை ரத்தப் புற்றணுக்களை வெடிக்க வைக்கிறது என்று 2025-இல் செய்தி படித்தேன். எப்போது மருந்தாகும்? — உயிர்வேதியியல் மாணவி

நீங்கள் சொல்வது சீன ஆய்வாளர்களின் வேலை. பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுரக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அது அணுவின் சவ்வில் உள்ள கொழுப்புகளைப் பிடித்து, அணுவை உப்பி வெடிக்கச் செய்கிறது. வெடிக்கும் அணு நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் எழுப்பிவிடும் என்பது இதில் உள்ள கவர்ச்சி. மனித ரத்தப் புற்றணுக்களில் பார்த்தது சோதனைக் கிண்ணத்தில்; உயிருள்ள விலங்கில் பார்த்தது எலிகளின் கல்லீரல் புற்றில். மனிதருக்கு இன்னும் வெகு தூரம் இருக்கிறது.

அந்தத் தூரம் என்ன என்பதற்கு பிரையோஸ்டாடினைப் பாருங்கள். 1968-இல் மெக்சிகோ வளைகுடாவில் எடுத்த, பாசி போலப் படரும் ஒரு நுண் விலங்கிலிருந்து வந்தது. எலிகளின் ரத்தப் புற்றை அடக்கியது. 1982-இல் அமைப்பு தெரிந்தது. மனிதர்களிடம் சோதிக்க வேண்டிய 18 கிராமுக்காக ஏறக்குறைய 13 டன் விலங்கை அள்ளினார்கள். நோயாளிகளுக்குத் தாங்க முடியாத தசைவலி வந்தது, புற்றுக்குத் தனியாகப் பெரிய பலன் இல்லை. அதை உண்மையில் தயாரிப்பது அந்த விலங்குக்குள் வாழும் ஒரு பாக்டீரியா என்பது பின்னால் தெரிந்தது. ஆய்வகத்தில் கிராம் கணக்கில் செய்யும் வழி 2017-இல்தான் வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்னமும் அது மருந்தாகவில்லை.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. இப்படிப் பாதியில் நின்ற மூலக்கூறுகளைக் கையில் எடுக்க உங்களைப் போன்றவர்கள் வேண்டும். டோலாஸ்டாடினும் ஒரு காலத்தில் தோற்றதுதான்.

என் கணவருக்கு இப்போது சைட்டரபினை அதிக அளவில், பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்குகிறார். எத்தனை தடவைதான் சம்மதம் கேட்பார்கள்? கண்ணில் சொட்டு மருந்து வேறு. — ஒரு மனைவி

அது சம்மதக் கையெழுத்து இல்லை அம்மா. அதிக அளவில் போகும்போது சைட்டரபின் சிறுமூளையைப் பாதிக்கலாம். நடையையும் பேச்சையும் கையின் நிதானத்தையும் பார்த்துக்கொள்வது சிறுமூளை. அது தடுமாறத் தொடங்கினால் கையெழுத்தில் தெரியும்: எழுத்து கோணும், பெரிதாகும், கோட்டை விட்டு இறங்கும். அதனால்தான் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் எழுதச் சொல்லிப் பழைய கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். மூக்கைத் தொட்டு விரலைத் தொடச் சொல்வதும் அதற்கே. மாறியிருந்தால் அந்த டோஸைக் கொடுக்க மாட்டார்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல்.

சொட்டு மருந்து, இந்த மருந்து கண்ணீரிலும் வந்து கருவிழியை எரிச்சலாக்குவதால். ஸ்டீராய்டு சொட்டு அதைத் தடுக்கும். அவர் தூங்கினாலும் எழுப்பிப் போடுங்கள், நர்ஸ் சொல்லும் நாள் வரை நிறுத்தாதீர்கள்.

உங்கள் கணவரின் பேச்சு எப்படி இருக்கும் என்று நர்ஸைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நாக்கு குழறினாலோ, டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கினாலோ, கழிவறைக்குப் போகும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அடுத்த பை ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.